மூன்றாம் சுரங்கத்துப் பெரட்டு

நாள் 212. 07:10
பதிவு செய்பவர்: தவமணி, பணிப் பொறுப்பாளர், கலிஸ்டோ நிலவின் ஐஸ் நிலையம்

தொட்டியில் எரிபொருள் 261 டன். இறங்குகிற கப்பல் மறுபடி கிளம்பத் தேவை 400. கப்பல் 240ஆம் நாள் வரும். 230ஆம் நாள் காலைக்குள் தொட்டி நிறைந்தது என்று நான் சொன்னால்தான் வேகத்தைக் குறைத்து இங்கே இறங்கும். இல்லையென்றால் நேரே தாண்டிப் போய்விடும். அடுத்த கப்பலுக்கு மூன்று வருடம் ஆகும். கையிருப்பில் உள்ள சாப்பாடு ஐந்து மாதத்துக்கு வரும். அதனால் இந்தப் பதிவேட்டில் டன் கணக்குத்தான் அதிகம் இருக்கும். இதைக் கண்டெடுத்துப் படிக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐஸை வெட்டி எரிபொருளாக்க இயந்திரங்கள் பன்னிரண்டு. என் மேசை வரைபடத்தில் ஐஸ் வெளி முழுவதும் அறுகோணக் கட்டங்களாகத் தெரியும். ஒவ்வோர் இயந்திரத்தையும் தொட்டு, இங்கே வெட்டு, அங்கே சும, இதில் பாதை போடு என்று சொல்ல வேண்டும். விளையாட்டு மாதிரி என்று நினைத்தால் தப்பில்லை. ராஜ்ஜியம் கட்டும் கணினி விளையாட்டில் மூன்று வருடம் தொடர்ந்து முதலாவதாக வந்ததால்தான் கொட்டாஞ்சேனைக்காரியான என்னை இங்கே அனுப்பினார்கள். அந்த விளையாட்டை ஆடுகிற எவருக்கும் முதலில் தெரிய வேண்டியது, வேலையாட்களைத் தானியங்கியில் விடக்கூடாது என்பது. விட்டால் விளைந்த வயலை அழித்து ரோடு போடுவார்கள். எதிரி நிற்கிற காட்டுக்குள் தனியாகப் போய்ச் சாவார்கள். என் கையால் ஒரு நாளைக்கு எட்டரை டன் வருகிறது. தானியங்கியில் ஆறு டன். இதற்கு மேல் பேச்சு வேண்டியதில்லை.

ராமையா அண்ணனுக்கு இதில் சம்மதம் கிடையாது. இந்த நிலையத்தில் என்னைத் தவிர இருக்கும் ஒரே மனிதர் அவர். மஸ்கெலியாத் தோட்டப் பக்கம். இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். தானியங்கிக்குக் கங்காணி என்று பெயர் வைத்ததும், இயந்திரங்களை ஆளுங்க என்று சொல்வதும் அவர்தான். நான் கட்டுப்பாட்டுப் பலகை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொடும்போதெல்லாம் பின்னால் வந்து நின்று, "கங்காணிய கொஞ்சம் விட்டுத்தான் பாரேன் புள்ள" என்பார்.

காலை ஆறு மணிக்கு முற்றத்து இரும்புத் தரையில் ஸ்பேனரால் தாளம் தட்டுவார். பழைய தேயிலைத் தோட்டங்களில் விடியும்போது தப்புப் பறை அடித்து ஆட்களைக் கூப்பிட்டு, வரிசையில் நிறுத்திப் பேர் வாசிப்பார்களாம். அதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தத் தாளம் அவர் குடும்பத்தில் கைமாறி வந்திருக்கிறது. தட்டும் சத்தம் ஐஸ் வழியாக இயந்திரங்களின் காலுக்குப் போகுமாம். போகிறதோ இல்லையோ, பன்னிரண்டும் வந்து வரிசையாக நிற்கும். கங்காணி பேர் வாசிக்கும். ஒன்று: ஆள் உண்டு. இரண்டு: ஆள் உண்டு. கடைசியில் ராமையா: ஆள் உண்டு. தவமணி: ஆள் உண்டு.

நான் ஒரு நாள் நிரலைத் திறந்து பார்த்தேன். ஆறு மணிக்கு என்று நேரக்கட்டளை போட்டு வைத்திருக்கிறார். தட்டாவிட்டாலும் அவை வந்து நிற்கும். பெரிய வித்தைக்காரர்தான். கண்டுபிடித்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. பாவம், சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

நாள் 214. 11:40

ஒவ்வோர் இயந்திரத்தின் வயிற்றிலும் ஐஸை உருக்கிக் காற்றாகவும் நீராகவும் பிரிக்கும் பெட்டி இருக்கிறது. 7ஆம் இயந்திரத்தின் பெட்டி கசிந்தது. அதைப் பார்க்க ராமையா அண்ணன் மூன்றாம் சுரங்கத்துக்குள் போனார். 10:52க்குச் சுரங்கத்தின் கூரை இறங்கிவிட்டது.

ரேடியோவில் அவர் கடைசியாகச் சொன்னது: "ஏழாம் ஆளுக்கு வயித்து வலிதான் தவமணி. ஒரு வாஷர் மாத்தினா சரி. அர மணித்தியாலத்துல வந்துருவேன், பிளேன்டீ ஊத்தி வை."

பதினொரு இயந்திரங்களையும் தோண்ட விட்டிருக்கிறேன்.

நாள் 214. 19:05

எட்டு மணித்தியாலம் தோண்டியதில் நான்கு மீட்டர் இறங்கியிருக்கிறோம். இன்னும் முப்பது மீட்டர் இருக்கிறது. அவர் உடுப்பில் எட்டு மணித்தியாலக் காற்றுத்தான் இருந்தது. ரேடியோ இல்லை, இதயத் துடிப்பு வரவில்லை, 7இன் சைகையும் இல்லை.

கப்பலிலிருந்து நிமலன், தொடர்பு அதிகாரி: "தவமணி, கேக்குதோ? சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. அவரின்ர காத்து முடிஞ்சுது. நீங்கள் இன்னும் தோண்டினா தொட்டி நிறையாது. நாங்கள் இறங்க ஏலாது. மெஷினுகளை ஐஸுக்குத் திருப்புங்கோ. நீங்களாவது மிஞ்சோணும்."

தொட்டியில் 280 டன். பதினைந்து நாள் மிச்சம் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு டன் வர வேண்டும். ஒரு நாள்கூடத் தவற முடியாது.

திருப்பிவிட்டேன். பிளேன்டீ ஆறிப்போய் மேசையில் இருக்கிறது. கொட்ட மனம் வரவில்லை.

நாள் 215. 06:20

முந்திய நாள் நான் கையால் இட்ட உத்தரவுகள் காலை ஆறு மணியோடு முடியும். புதிய உத்தரவு போடும்வரை சும்மா நிற்கும் இயந்திரங்கள் கங்காணியின் பொறுப்பு. இன்று அவை பதினொன்றும் முற்றத்துக்கு வரவில்லை. மூன்றாம் சுரங்கத்தின் மேல் போய் இரண்டு வரிசையாக நின்றன.

கங்காணி பேர் வாசித்தது. ஏழு: பதில் இல்லை. ராமையா: ஆள் உண்டு. தவமணி: ஆள் உண்டு.

பிறகு திரையில் ஒரு கேள்வி. ஆள் மீட்பு. தொடரவா?

நிறைய நேரம் அழுதேன். அவர் போட்ட நேரக்கட்டளை இன்னும் ஓடுகிறது. அவர் உடுப்பு கடைசியாகச் சைகை தந்த இடத்தையே முற்றம் என்று கங்காணி நினைத்துக்கொண்டிருக்கிறது. செத்தவரின் பேரை வாசிக்கிற முட்டாள் இயந்திரம். ரத்து செய்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டு ஐஸுக்கு அனுப்பினேன்.

நாள் 216. 13:00

ஆறு மணிக்கு அதே கூத்து. ரத்து. தொட்டி 294 டன்.

பூமியிலிருந்து ராமையா அண்ணனின் மனைவி ரேணுகா: "தங்கச்சி, ஒன்னே ஒன்னு கேக்குறேன். பொய் சொல்லாதீங்க. அவரு கஷ்டப்படாமத்தானே போனாரு? ஒடனே போச்சு தானே? அத மட்டும் சொல்லுங்க, எனக்குப் போதும்."

கூரை விழுந்த கணத்திலேயே போய்விட்டார், ஒன்றும் தெரிந்திருக்காது என்று பதில் அனுப்பினேன். அது பொய் இல்லை. நான் நம்பியதைத்தான் சொன்னேன்.

நாள் 217. 06:30

ஐந்தரைக்கே எழுந்து, ஆறுக்கு முன்னால் எல்லா இயந்திரங்களுக்கும் வேலை கொடுத்துவிட்டேன். இரண்டை மட்டும் மறந்துபோனேன். அவை இரண்டும் போய் நின்றன. 4ஆம் இயந்திரம் முன்காலை ஐஸில் அழுத்தி அப்படியே இருந்தது. கேமராவில் பார்க்கும்போது எஜமானைப் புதைத்த இடத்தில் படுத்திருக்கும் நாய் மாதிரி இருந்தது.

ராமையா: ஆள் உண்டு. மீட்பு, தொடரவா? ரத்து.

நாள் 219. 14:35

இன்று ஆறு மணிக்கு எதுவும் போகவில்லை. அப்பாடா என்றிருந்தது. 14:20க்குப் பாதை போட்டுக்கொண்டிருந்த மூன்று இயந்திரங்கள் வேலை முடித்த கையோடு சுரங்கத்துக்குப் போய்விட்டன. இப்போது பிழைக்கே பிழை வந்துவிட்டது போலிருக்கிறது.

தானியங்கி என்றால் இதுதான். யாராவது இனிமேல் என்னிடம் வந்து விட்டுப் பார் என்று சொல்லட்டும்.

சொல்வதற்குத்தான் யாரும் இல்லை.

ரத்து. தொட்டி 318 டன்.

நாள் 221. 08:00

ஒரு நாளைக்குப் பதினாறு மணித்தியாலம் பலகையில் இருக்கிறேன். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. துணி கட்டியிருக்கிறேன். இடக்கையால் தொட்டால் தவறான கட்டத்தில் விழுகிறது.

ஆறு மணிக்கு நான்கு இயந்திரங்கள் போயின, சுரங்கத்துக்குப் பக்கத்தில் நின்றவை மட்டும். தூரத்தில் இருந்தவை அசையவில்லை. பிழை குறைகிறது. ரத்து.

நாள் 223. 06:15

4 மட்டும் போனது. சுரங்கத்துக்கு நேர் மேலே நின்று, ஒரு காலை மாற்றி இன்னொரு காலை வைத்தது. காது கொடுத்துக் கேட்கிறவர்கள் தலையைச் சாய்ப்பது போல இருந்தது.

ராமையா: ஆள் உண்டு. ரத்து.

நாள் 224. 06:10

எதுவும் போகவில்லை. எல்லாம் வேலைக் கட்டத்திலேயே நின்றன. கங்காணி பேர் வாசித்தது. ராமையா: பதில் இல்லை.

ஒரு வழியாகப் பிழை தானாகவே சரியாகிவிட்டது. மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இன்று எட்டரை டன் எடுக்கலாம். இரண்டு கோப்பை பிளேன்டீ குடித்தேன்.

நாள் 230. 05:50

400.6 டன்.

நிமலன்: "கெட்டிக்காரி. நாங்கள் வேகம் குறைக்கத் தொடங்கிட்டம். இனி நீங்கள் நல்லாப் படுங்கோ."

ஜெயித்துவிட்டேன். சந்தோஷப்பட ஆள் வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது. இனி இயந்திரங்கள் என்ன செய்தாலும் நட்டம் இல்லை. கையை மேலே தூக்க முடியவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து முதல் தடவையாக எல்லாவற்றையும் தானியங்கியில் போட்டேன். ராமையா அண்ணா, உங்கள் கங்காணியை விட்டுப் பார்க்கிறேன். ரோடு போட்டுத் தீர்க்கட்டும்.

நாள் 233. 06:40

மூன்று நாள் காய்ச்சல். அநேகமாகத் தூக்கம்தான். பலகையைப் பார்க்கவில்லை.

இன்று காலை முற்றத்து கேமராவைத் திறந்தேன். பெரட்டு நின்றிருந்தது. எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். ஏழாவது இடத்தில் 7 நின்றது, முதுகு நசுங்கி, பக்கத்து இயந்திரத்திலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வாங்கிக்கொண்டு.

வரிசையின் கடைசியில் அவர் எப்போதும் நிற்கும் இடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

கிடத்தியிருந்தன என்று எழுத வேண்டும். திருத்தப் போவதில்லை.

கங்காணி வேறு எதையும் கட்டவில்லை, ரோடு போடவில்லை. நான் கையை எடுத்த நிமிடத்திலிருந்து ஒரே வேலைதான் செய்திருக்கிறது. ரத்து செய்யப்பட்ட மீட்புப் பணி. நாங்கள் முதல் நாள் விட்ட இடத்திலிருந்து தோண்டத் தொடங்கி அறுபது மணித்தியாலத்தில் அவரை எடுத்து, பெரட்டு நிற்கும் முற்றத்தில் சேர்த்துவிட்டது.

ஏழு: ஆள் உண்டு. ராமையா: பதில் இல்லை. தவமணி: ஆள் உண்டு.

நாள் 233. 12:00

உள்ளே கொண்டுவந்தேன். அவர் உடுப்பில் ஒரு குழாய் மாட்டியிருக்கிறது. மறுமுனை 7இன் வயிற்றுப் பெட்டியில் பொருந்துகிறது. வலது கையில் ஸ்பேனர். விரல்களைப் பிரிக்க முடியவில்லை, அப்படியே விட்டேன்.

கூரை விழுந்தவுடன் செத்தவர் தனக்குக் குழாய் மாட்டிக்கொள்ள மாட்டார்.

நாள் 234. 10:00

7இன் நினைவகத்தில் அவர் குரல் இருக்கிறது. உடுப்புக்கும் 7க்கும் கம்பித் தொடர்பு இருந்ததால் பதிவாகியிருக்கிறது. சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

நாள் 215: "தவமணி, ஏழாம் ஆளு வயித்துல இருந்து கொழாய இழுத்து மாட்டிக்கிட்டேன். காத்து வருது, தண்ணியும் வருது. ரேடியோதான் ஒடஞ்சு போச்சு. பெரட்டு தட்டினேன். மேல ஆளுங்க வந்து நிக்கிறது நல்லாக் கேக்குது. ஒன்னும் பயமில்ல."

நாள் 217: "இன்னிக்கும் வந்தாங்க. அப்புறம் போய்ட்டாங்க. டாங்கி நெறையணும், அதுவும் சரிதான். எனக்கு அவசரமில்ல. ஏழாம் ஆளுக்கு இன்னும் ஒரு கெழம தாங்கும்."

நாள் 219: "தூங்கிட்டேன் புள்ள. மணி தெரியல. இப்பத்தான் தட்டினேன். மூனு ஆளு வந்தாங்க."

நாள் 222: "இப்ப புரியுது. திருப்பி அனுப்புறது நீதான். கங்காணி திருப்புனா எல்லாக் காலும் ஒன்னாத் திரும்பும். இது ஒவ்வொன்னாத் திரும்புது. உன் கை எனக்குத் தெரியாதா? நான் செத்துட்டேன்னு நெனச்சிட்ட போல."

நாள் 223: "கை வர மாட்டேங்குது, மெதுவாத்தான் தட்டுறேன். நாலாம் ஆளு மட்டும் வந்து நிக்கிறான். கெட்டிக்காரன். தவமணி, கங்காணிய கொஞ்சம் விட்டுப் பாரு புள்ள."

அதற்குப் பிறகு இல்லை.

நாள் 235. 09:00

நிரலை மறுபடி திறந்தேன். இந்த முறை முழுவதும் படித்தேன். நேரக்கட்டளை அவருக்கு உடம்பு சரியில்லாத நாட்களுக்காகப் போட்டது. அவர் உடுப்பின் சைகை அற்றுப்போன 214ஆம் நாளே அது தானாக அணைந்துவிட்டது. அதன் பின் இயந்திரங்களைக் கூட்டியது தாளம் மட்டும்தான். தாளம் கேட்டால் ராமையா: ஆள் உண்டு. கேட்காவிட்டால் பதில் இல்லை. இவ்வளவுதான் விதி. நான்கே வரி. அன்று நான் பாதியிலேயே மூடிவிட்டேன், வித்தையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில்.

214ஆம் நாள் விட்ட வேலையை 215 காலையில் கங்காணியிடம் விட்டிருந்தால் 217ஆம் நாள் மாலைக்குள் அவரிடம் போயிருக்கும். தொட்டி இருபது டன் குறைந்திருக்கும். கப்பல் தாண்டிப் போயிருக்கும். ஐந்து மாதச் சாப்பாட்டோடு இரண்டு பேர் இருந்திருப்போம். அப்படியும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலகையில் உட்கார்ந்தால் எனக்குக் கணக்குத்தான் வருகிறது.

ஆனால் 224ஆம் நாள் நான் கணக்குப் போடவில்லை. சந்தோஷப்பட்டேன். அதை என்னால் தாங்க முடியவில்லை.

நாள் 237. 06:00

தாளம் கேட்கிறது. தரையில் காது வைத்தேன். குளிர்நீர் பம்ப் என்று நினைத்து அணைத்தேன். அப்போதும் கேட்டது.

இயந்திரங்களைப் பார்த்தேன். அவற்றுக்குக் கேட்கவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கின்றன. எனக்கு மட்டும்தான் கேட்கிறது.

நாள் 238. 06:00

இன்றும்.

கையால் ஒரு உத்தரவும் போட முடியவில்லை. விரல் பலகைக்கு மேலே போய் நிற்கிறது. எந்த இயந்திரத்தைத் தொட்டாலும் அதன் காலடியில் அவர் இருக்கிறார். கேட்டுக்கொண்டே இருக்கிறார், யார் திருப்புவது என்று.

நாள் 239. 15:00

நிமலன்: "நாளைக்குக் காலமை இறங்கிறம் தவமணி. அதுக்கு முதல் நிலையத்தின்ர பதிவு முழுக்க அனுப்பிவிடுங்கோ. விதிப்படி ராமையாவின்ர குடும்பத்துக்கும் ஒரு பிரதி போகும். நீங்கள் விரும்பினா பார்த்துத் தெரிஞ்செடுத்து அனுப்பலாம். ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

ரேணுகா: "தங்கச்சி, நீங்க பத்திரமா வந்து சேருங்க. நீங்க அன்னிக்குச் சொன்னத நெனச்சுக்கிட்டுத்தான் நான் தூங்குறேன். அவருக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்காதுன்னு."

பதிவைக் கையால் பார்த்து அனுப்பினால், நான் இங்கே எழுதாத நாட்களையும் சேர்த்து ஒன்பது ரத்து வரிகளை எடுத்துவிடலாம். 7இன் நினைவகத்தை அழிக்கலாம். எனக்கு ஐந்து நிமிட வேலை. ரேணுகா தூங்குவாள். நானும் ஒரு நாள் தூங்கலாம். அவளுடைய தூக்கத்தைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர் ஒன்பது நாள் தட்டியதை இல்லை என்று ஆக்க மட்டும் என்ன உரிமை இருக்கிறது?

அந்த ஒன்பது வரிகளையும் தேர்ந்தெடுத்துவிட்டேன். திரையில் நீலமாக நிற்கின்றன. விரலை வைத்தால் போய்விடும். ஒரு மணித்தியாலமாக இப்படியே இருக்கிறேன். இதுவும் ரத்துதான். பத்தாவது.

என் கையை அவருக்குத் தெரியும்.

இதைப் படிக்கிறவருக்கு: இந்த மேசையில் நான் கையால் இடும் கடைசி உத்தரவு இது. தானியங்கி. அனைத்தும். பதிவு உட்பட.

கையை எடுத்துவிட்டேன். அண்ணா, விட்டுப் பார்க்கிறே

நாள் 240. 06:00
தானியங்கிப் பதிவு. பெறுநர்: கப்பல், ராமையா குடும்பம்

பெரட்டு.
இயந்திரங்கள் 12. வந்தவை 12.
எரிபொருள் 400.6 டன்.
ராமையா: பதில் இல்லை. கடைசித் தட்டு: நாள் 223, 06:00. குரல் பதிவு 5 இணைக்கப்பட்டது.
மீட்புக் கோரிக்கை: 9. கைமுறை ரத்து: 9.
ரத்து செய்தவர்: தவமணி.
தவமணி: ஆள் உண்டு.